ஓரிகன் கடற்கரையில் ஒரு டென்ட், ஒரு ஆர்.வி., கூட அப்பா அம்மா: எங்கே தங்குவது?

கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. போர்ட்லண்ட் பக்கத்து ஹில்ஸ்பரோவில் இருக்கும் இரண்டு குடும்பங்கள். ஜூலையில் ஊரிலிருந்து உங்கள் அப்பா அம்மா வருகிறார்கள். மூன்று இரவு ஓரிகன் கடற்கரையில் தங்கவேண்டும். ஒரு குடும்பத்திடம் டென்ட் இருக்கிறது. பெற்றோர் தரையில் படுக்க முடியாது என்பதால் நீங்கள் 25 அடி ஆர்.வி. (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுக்கப் பார்க்கிறீர்கள். எல்லாக் கேம்ப்கிரவுண்டுக்கும் இணையத்தில் ஒரே மாதிரி நட்சத்திரம் போட்டிருப்பதால், "கடல் தெரிகிற மாதிரி ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் விவரங்களைப் படித்தால், டென்ட்டும் ஆர்.வி.யும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கவேண்டும், இரவில் பெரியவர்கள் தடுமாறாமல் கழிப்பறைக்குப் போய்வரவேண்டும், எல்லாருக்கும் தூக்கம் வரவேண்டும் என்பதுதான் உண்மையான தேவை என்று தெரிகிறது. அதற்குக் கடல் தெரிகிற இடம் அநேகமாகத் தவறான இடம்.

காரணம் காற்று. ஓரிகன் கடற்கரையில் இடம் தேர்வதில் பாதி வேலை காற்றைப் புரிந்துகொள்வதுதான். கோடையில் வட பசிபிக் மேல் உயர் அழுத்தம் வந்து உட்கார்ந்துகொள்ளும். உள்நாட்டுப் பள்ளத்தாக்குகள் வெயிலில் காய்ந்து அங்கே அழுத்தம் குறையும். இந்த இரண்டுக்கும் நடுவே கடலோரமாக வடக்கு, வடமேற்கிலிருந்து காற்று பிடிக்கும். நம் ஊரில் வடக்கிலிருந்து வருவதை வாடை என்போம், அது மார்கழிக்காற்று. இங்கே வாடை ஜூலையில் வீசுகிறது. காலையில் இலைகூட அசையாது. பதினொரு மணிக்குமேல் ஆரம்பித்து, பிற்பகல் மூன்றிலிருந்து ஆறு வரை உச்சத்தில் இருந்து, பெரும்பாலான நாட்களில் இருட்டிய பிறகு அடங்கும். இந்தக் காற்று மேல்மட்ட நீரைக் கரையை விட்டுத் தள்ளுவதால் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஜூலையிலும் கடல்நீர் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ்தான். பகல் வெப்பம் 16 முதல் 19 டிகிரி, இரவில் 10க்குப் பக்கத்தில் இறங்கும். ஹில்ஸ்பரோவில் 35 டிகிரி கொளுத்தும் அதே நாளில் கடற்கரையில் ஸ்வெட்டர் தேவைப்படும். மெரினாவை மனதில் வைத்துக்கொண்டு வரும் பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காதை மூடும் குல்லா இரண்டு எடுத்துவையுங்கள்.

இதை வைத்துப் பார்த்தால் கேம்ப்கிரவுண்டுகள் மூன்று வகையாகப் பிரியும். கடலை நேராகப் பார்த்து நிற்பவை முதல் வகை. வால்ட்போர்ட் அருகே இருக்கும் பீச்சைடு இதற்கு நல்ல உதாரணம். சில இடங்களில் வாசலிலேயே கடல். ஆர்.வி.க்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்க்க அருமை, ஆனால் டென்ட்காரருக்குப் பிற்பகல் முழுக்கப் போராட்டம். இரண்டாவது வகை, முன்மணல்மேட்டுக்குப் பின்னால் ஷோர் பைன் மரங்களுக்குள் ஒதுங்கி இருப்பவை. நியூபோர்ட்டுக்குத் தெற்கே உள்ள சவுத் பீச், மான்சனிட்டா பக்கம் உள்ள நெஹேலம் பே, பாண்டனில் உள்ள புல்லர்ட்ஸ் பீச் எல்லாம் இந்த வகை. மூன்றாவது, ஓடைப் பள்ளத்திலோ மலையடிவாரத்திலோ ஸ்ப்ரூஸ் காட்டுக்குள் இருப்பவை. நியூபோர்ட்டுக்கு வடக்கே 7 மைலில் பெவர்லி பீச், போர்ட் ஆர்ஃபோர்டுக்குத் தெற்கே ஹம்பக் மவுண்டன். இங்கே காற்று தலைக்கு மேலே போய்விடும். பதிலுக்கு வெயிலும் குறைவு, டென்ட் காயவே காயாது. கேப் பிளாங்கோ போன்ற இடங்களில் மரமறைப்பு நன்றாகவே இருக்கிறது, ஆனால் அந்த முனையே அமெரிக்க மேற்குக் கரையில் காற்றுக்குப் பேர்போனது. கலங்கரை விளக்கம் வரை நடந்தால் நிற்கமுடியாது. முதல்முறை வரும் குடும்பத்துக்கு அது வேண்டாம்.

உங்கள் கூட்டத்துக்கு நான் சொல்வது சவுத் பீச். முதல் காரணம் தரை சமம். காற்றை மறைக்கும் அளவு மரம் இருக்கிறது, இருட்டடிக்கும் அளவு இல்லை. இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாதது: அங்கே இடங்களில் பெரும்பாலானவை மின்சாரமும் தண்ணீரும் உள்ளவை, அப்படிப்பட்ட இடத்தில் டென்ட் போடத் தடையில்லை. பெரிய மாநிலப் பூங்காக்கள் பலவற்றில் டென்ட் வட்டம் ஒரு பக்கமும் ஆர்.வி. வட்டம் மறுபக்கமும் இருக்கும். இரண்டு குடும்பமும் டார்ச் வைத்துக்கொண்டு நடக்கவேண்டியதுதான். டென்ட்டுக்கென்று மலிவான டென்ட் சைட்டைப் பிடிக்காமல், இரண்டுக்குமே மின்சார சைட்டாகப் பக்கத்துப் பக்கத்தில் எடுங்கள். கட்டணம் கொஞ்சம் கூடும். சேர்ந்து சாப்பிடலாம், பெரியவர்கள் தனியாகிவிட மாட்டார்கள். ஒரு சைட்டுக்கு 8 பேர் வரை என்பது பொதுவான வரம்பு. மூன்றாவது காரணம், நியூபோர்ட்டில் மருத்துவமனை இருக்கிறது, பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம். மழையோ பனிமூட்டமோ வந்தால் ஓரிகன் கோஸ்ட் அக்வேரியம் பக்கத்திலேயே இருக்கிறது. குறை ஒன்று உண்டு. கடலுக்குப் போகக் கொஞ்சம் நடந்து மணல்மேட்டை ஏறி இறங்கவேண்டும். முழங்கால் வலி இருப்பவருக்கு அந்த இளகின மணல் கஷ்டம். அவர்களைக் காரில் சவுத் ஜெட்டி சாலை வழியாகக் கூட்டிப்போனால் உட்கார்ந்தபடியே அலையைப் பார்க்கலாம்.

ஆர்.வி. எடுக்கும் முன் யர்ட்டையும் ஒருமுறை யோசியுங்கள். கித்தான் சுவர் போட்ட வட்ட வீடு. கட்டில், மடக்கு சோபா, விளக்கு, ஹீட்டர், பூட்டக்கூடிய கதவு எல்லாம் இருக்கும், பொதுவாக 5 பேர் படுக்கலாம். சவுத் பீச்சில் 20க்கு மேற்பட்ட யர்ட்டுகள் இருக்கின்றன. உள்ளே சமைக்கக்கூடாது, சாதாரண யர்ட்டில் கழிப்பறை கிடையாது, படுக்கை விரிப்பு நாமே கொண்டுபோகவேண்டும். ஓட்டிப் பழக்கமில்லாத 25 அடி வண்டியை மலைச்சாலையில் ஓட்டும் டென்ஷன் இல்லை, செலவும் பலமடங்கு குறைவு. உங்கள் பெற்றோர் இரவில் மூன்று நான்கு முறை எழுந்திருப்பவர்கள் என்றால் ஆர்.வி. எடுங்கள், கழிப்பறை உள்ளேயே இருப்பதுதான் அதன் பெரிய வசதி. அப்படி இல்லை என்றால் யர்ட் போதும் என்பது என் கருத்து. ஆர்.வி. படிக்கட்டு உயரமாகவும் குறுகலாகவும் இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒரு சின்ன ஸ்டூலும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இருக்கிறதா என்று வாடகைக்கு விடுபவரிடம் கேளுங்கள்.

முன்பதிவு விஷயத்துக்கு வருகிறேன். ஓரிகன் மாநிலப் பூங்காக்களில் வந்து சேரும் நாளுக்கு 6 மாதம் முன்பு பதிவு திறக்கும். ஜூலை 10க்கு வேண்டுமென்றால் ஜனவரி 10 அன்று காலையிலேயே உட்காரவேண்டும். வெள்ளி, சனி முதலில் போய்விடும். ஞாயிறு போய் புதன் திரும்புவதுபோல் வைத்தால் பக்கத்துப் பக்கத்து இடம் கிடைக்கும் வாய்ப்பு பலமடங்கு கூடும். ஏற்கெனவே நாள் கடந்துவிட்டது என்றால் ரத்தாகும் இடங்களுக்காகக் கடைசி இரண்டு வாரம் தினமும் பாருங்கள், நிஜமாகவே கிடைக்கும். செப்டம்பருக்குத் தள்ள முடிந்தால் இன்னும் நல்லது, காற்று தணிந்து வானம் தெளிவது அப்போதுதான். டில்லிகம் பீச், கேப் பெர்பெட்சுவா போன்றவை மத்திய வனத்துறையின் சியூஸ்லா காட்டில் இருப்பவை. அவற்றுக்கு மாநிலத் தளத்தில் தேடினால் வராது, ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் தேடவேண்டும்.

பதிவு செய்யும்போது வரைபடத்தில் பார்க்கவேண்டியவை சில. வண்டியின் நீளம் 25 அடி என்றால் சைட் குறைந்தது 35 அடி இருக்கட்டும். கூட வரும் காரும் அதே இடத்தில்தான் நிற்கவேண்டும், இல்லையென்றால் கூடுதல் வண்டிக் கட்டணம் கட்டி வேறு இடத்தில் நிறுத்தவேண்டும். பின்பக்கமாக நுழையும் சைட் என்றால் இடதுபக்கமாகத் திரும்பிப் பின்னால் எடுப்பது சுலபம், ஓட்டுநர் கண்ணுக்கு மூலை தெரியும். கழிப்பறைக் கட்டடத்துக்கு நேர் எதிரே எடுக்காதீர்கள். இரவெல்லாம் கதவு அடிக்கும், விளக்கு டென்ட்டுக்குள் விழும். இரண்டு மூன்று சைட் தள்ளி இருந்தால் பெரியவர்களுக்கும் நடை குறைவு. பெவர்லி பீச்சில் எடுப்பதானால் 101 நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஓடைப்பக்கமாக எடுங்கள், லாரிச் சத்தம் பள்ளத்தாக்கில் நன்றாகவே கேட்கும்.

இவை உறுதியாகச் சொல்லக்கூடியவை. உறுதி சொல்ல முடியாதவையும் உண்டு. ஒரு குறிப்பிட்ட சைட் எவ்வளவு சமமாக இருக்கும் என்பது படத்தில் தெரியாது. பனிமூட்டம் எந்த நாள் வரும் என்பதை நான்கு நாள் முன்பு யாராலும் சொல்லமுடியாது. கட்டணம் அடிக்கடி மாறுகிறது. அண்மை ஆண்டுகளில் நெஹேலம் பே, பெவர்லி பீச் இரண்டும் குடிநீர், மின்கம்பி வேலைகளுக்காக மாதக்கணக்கில் மூடியிருந்தன. அதனால் பழைய பரிந்துரைகளை நம்பித் திட்டம் போடாமல் பூங்காவின் பக்கத்தில் அறிவிப்பைப் படித்துவிடுங்கள்.

டென்ட் குடும்பத்துக்கு: செக்-இன் மாலை 4 மணி. அதாவது காற்று உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் நீங்கள் டென்ட்டைப் போடப்போகிறீர்கள். கம்பியை மாட்டித் தூக்கிவிட்டு அப்புறம் ஆணி அடிப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. தூக்கிய மறுநொடி அது பட்டம். முதலில் துணியைத் தரையில் பரப்பி, காற்று வரும் வடமேற்குப் பக்கத்து இரண்டு மூலைகளுக்கும் ஆணி அடித்துவிட்டு, அப்புறம் கம்பி மாட்டுங்கள். குறுகலான பக்கம் காற்றைப் பார்க்கட்டும், வாசல் தென்கிழக்கே இருக்கட்டும். டென்ட்டோடு வரும் மெல்லிய கம்பி ஆணி மணல்தரையில் பிடிக்காது. 12 அங்குல நீளமுள்ள அகலமான ஆணி வாங்குங்கள். அதுவும் பிடிக்கவில்லை என்றால் ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதன் கழுத்தில் கட்டி, ஒரு அடி ஆழத்தில் புதைத்து மேலே மிதித்துவிடுங்கள். லேசில் அசையாது. அடியில் விரிக்கும் தார்ப்பாய் டென்ட் தரையைவிட நாலு புறமும் இரண்டு அங்குலம் சின்னதாக இருக்கவேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பனிநீர் அதில் வழிந்து உங்கள் முதுகுக்குக் கீழே தேங்கும். மழையே பெய்யாவிட்டாலும் காலையில் உள்பக்கம் நனைந்திருக்கும். அது ஒழுகல் இல்லை, உங்கள் மூச்சுக்காற்று. மேல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். ஸ்லீப்பிங் பேக் 0 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றதாக இருந்தால் நிம்மதி. அதைவிட முக்கியம் அடியில் போடும் மெத்தை, குளிர் தரையிலிருந்துதான் ஏறும். குளிர்கிறது என்று கேஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ டென்ட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஆர்.வி. குடும்பத்துக்கு: 25 அடி வண்டிகளில் பெரும்பாலும் 30 ஆம்ப் இணைப்பு இருக்கும். 120 வோல்ட்டில் அது 3,600 வாட். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஒரு ஸ்பேஸ் ஹீட்டர் 1,500, இண்டக்‌ஷன் அடுப்பு 1,800, ரைஸ் குக்கர் 700. மூன்றையும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழும். இரண்டு போட்டாலே விழலாம், ஏனென்றால் உள்ளே இருக்கும் பிளக்குகள் பல ஒரே 15 ஆம்ப் அல்லது 20 ஆம்ப் இணைப்பில் இருக்கும். காலையில் குக்கர் போடும்போது ஹீட்டரை அணையுங்கள், வண்டியின் கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள். சைட்டில் இருக்கும் மின்கம்பத்தில் 50 ஆம்ப் துளை மட்டும் இருந்தால் அதற்குரிய அடாப்டர் வேண்டும். அது வாடகை வண்டியில் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே கண்ணால் பாருங்கள். பிளக் செருகும் முன் கம்பத்து பிரேக்கரை அணைத்து, செருகிவிட்டுப் போடவேண்டும். தண்ணீர்க் குழாயில் அழுத்தக் குறைப்பான் ஒன்று மாட்டுங்கள், வெள்ளைக் குடிநீர் ஹோஸ் மட்டுமே பயன்படுத்துங்கள்.

சவுத் பீச் சைட்டுகளில் கழிவுநீர் இணைப்பு இல்லை, கிளம்பும்போது டம்ப் ஸ்டேஷனில் கொட்டவேண்டும். மூன்று இரவுக்குக் கழிப்பறைத் தொட்டி தாராளமாகத் தாங்கும். முதலில் நிரம்புவது பாத்திரம் கழுவும், குளிக்கும் தண்ணீர் சேரும் தொட்டிதான். குளியலுக்குப் பூங்காவின் வெந்நீர் ஷவரைப் பயன்படுத்தினால் பிரச்சினை வராது. கொட்டும்போது கையுறை போட்டு, கழிப்பறைத் தொட்டியை முதலிலும் மற்றதைப் பிறகும் திறங்கள். சோப்புத்தண்ணீர் அந்தக் குழாயை அலசிவிடும். கழிப்பறைக்குள் ஒவ்வொரு முறையும் தண்ணீரைத் தாராளமாக விடுங்கள். தண்ணீரை மிச்சம்பிடித்தால் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும், வாடகை வண்டிகளில் நடக்கும் அடைப்புகளுக்கு இதுதான் பெரும்பாலும் காரணம். அடுத்தது, பக்கவாட்டில் நீட்டும் ஆனிங் என்ற துணிப்பந்தல். காலையில் காற்றே இல்லை என்று நீட்டிவிட்டுக் கடலுக்குப் போவார்கள், திரும்பிவந்தால் கம்பி முறுக்கிக்கிடக்கும். வண்டியை விட்டு நகர்ந்தாலே அதைச் சுருட்டிவிடுங்கள். இரவு 10 முதல் காலை 7 வரை அமைதி நேரம், ஜெனரேட்டர் ஓடக்கூடாது.

ஹில்ஸ்பரோவிலிருந்து நியூபோர்ட் காரில் சுமார் இரண்டரை மணி நேரம். ஆர்.வி.யில் இன்னும் முக்கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள். டில்லமூக் போகும் 6ஆம் எண் சாலை வில்சன் ஆற்றோடு வளைந்து வளைந்து போகும், தலைசுற்றும் பெரியவர்களுக்கு ஆகாது. 18ஆம் எண் சாலையில் லிங்கன் சிட்டி வந்து 101இல் தெற்கே இறங்குங்கள், அல்லது கொர்வாலிஸ் வழியாக 20ஆம் எண் சாலை. விறகு வீட்டிலிருந்து ஏற்றவேண்டாம். ஆஷ் மரங்களைக் கொல்லும் எமரால்டு ஆஷ் போரர் வண்டு 2022இல் உங்கள் பக்கத்து ஊரான ஃபாரஸ்ட் குரோவில்தான் ஓரிகனில் முதன்முதலில் பிடிபட்டது. விறகோடு அது ஊர் ஊராகப் போகும். பூங்காவிலேயே கட்டு விற்கிறார்கள்.

கடல் பற்றி இரண்டு விஷயம், இவற்றில் சமரசம் கிடையாது. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பெரிய மரக்கட்டைகளின்மேல் குழந்தைகளை ஏற்றிப் படம் எடுக்காதீர்கள். சில அங்குலத் தண்ணீர் வந்தாலே டன் கணக்கான கட்டை மிதந்து புரண்டுவிடும். எதிர்பாராமல் ஒரே ஒரு அலை வழக்கத்தைவிட மிக உயரம் ஏறுவது இந்தக் கரையில் நடப்பதுதான், கடலுக்கு முதுகு காட்டி நிற்கவேண்டாம். மற்றது சுனாமி. 2004 டிசம்பர் 26 அன்று நம் கரைக்கு அலை வர நிலநடுக்கத்துக்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆனது. நடுக்கம் நடந்த இடம் தொலைவில் இருந்தது. இங்கே பிளவு கரைக்குப் பக்கத்திலேயே கடலடியில் ஓடுகிறது. 1700 ஜனவரி 26 அன்று அது கடைசியாகப் பெரிய அளவில் பிளந்தது. அப்படி ஒன்று நடந்தால் 15 முதல் 20 நிமிடம்தான் இருக்கும். சைரனுக்குக் காத்திருக்கக்கூடாது, தரை நீண்ட நேரம் குலுங்கினால் அதுவே எச்சரிக்கை. சவுத் பீச் உட்படத் தாழ்வான கேம்ப்கிரவுண்டுகள் பலவும் சுனாமி நீர் ஏறக்கூடிய எல்லைக்குள்தான் வருகின்றன. வந்து இறங்கிய அன்றே அறிவிப்புப் பலகையில் இருக்கும் வெளியேறும் வழியைப் பார்த்து, அது போய்ச்சேரும் மேட்டுவரை அப்பா அம்மாவோடு ஒருமுறை மெதுவாக நடந்துபாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களால் அந்த நேரத்தில் நடக்கமுடியாது என்று தெரிந்தால், காரை மேட்டை நோக்கித் திருப்பி நிறுத்தி, சாவியை எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.

சவுத் பீச் கிடைக்காவிட்டால் அடுத்தது பெவர்லி பீச். ஓடைப் பள்ளம், டென்ட், ஆர்.வி., யர்ட் மூன்றும் உண்டு, கடற்கரைக்கு 101 நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியிலேயே நடந்து போகலாம், மேடு ஏறவேண்டாம். அதுவும் இல்லை என்றால் ஃப்ளாரன்ஸுக்குத் தெற்கே ஹனிமன். அங்கே கடல் பக்கத்தில் இல்லை, மணல்மேடுகளும் கிளியாவாக்ஸ் ஏரியும் இருக்கின்றன. குழந்தைகளைத் தண்ணீரில் இறக்க நினைத்தால் இந்தக் குளிர்ந்த கடலைவிட அந்த ஏரிதான் ஏற்றது. அஸ்டோரியா பக்கம் ஃபோர்ட் ஸ்டீவன்ஸில் சுமார் 500 சைட்டுகள் இருப்பதால் கடைசி நேரத்தில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம், ஆனால் ஜூலையில் கொசு உண்டு, மருந்து எடுத்துப்போங்கள்.